மூணு சிலிண்டர், ஒரு முக்காலி, அப்பச்சி

30,000 ரூபாய்க்குக்கூட போகாத ஒரு வண்டிக்கு 45,000 ரூபாய் செலவு பண்ணுவானா ஒருத்தன்? பண்ணியிருக்கேன் மக்களே. அதுவும் ஒர்க்‌ஷாப்புல விட்டுட்டு வரலை. காரைக்குடியில எங்க வீட்டுப் பின்கட்டுல வெச்சு, பழைய இன்ஜினை முழுசா வெளியே எடுத்து, வேற இன்ஜினை உள்ளே இறக்கி, வண்டியை ஓட விட்டாச்சு. பொட்டி தட்டுறவன் கையில ஸ்பேனரான்னு சிரிக்கிறவங்க இப்பவே சிரிச்சு முடிச்சுடுங்க. கதை கொஞ்சம் நீளம் :-)

வண்டி மாருதி 800. 1998 மாடல், கார்புரேட்டர் வெச்சது, நாலு கியர். என்னைவிட ஒரு வயசு சின்னது. அப்பச்சி வாங்கின முதல் காரும் அதுதான், இன்னிக்கு வரைக்கும் கடைசிக் காரும் அதுதான். (கொங்கு நாட்டு மக்கள் கவனிக்க: எங்க பக்கம் அப்பச்சின்னா அப்பா. தாத்தா இல்லை. ஒவ்வொரு தடவையும் விளக்கம் சொல்லி மாளலை.)

மாருதி 800 பத்தி தெரியாதவங்க இருக்க முடியாது. இருந்தாலும் ரெண்டு வரி. 1983 டிசம்பர்ல முதல் வண்டியோட சாவியை இந்திரா காந்தி கொடுத்தாங்க. 2014 ஜனவரியில தயாரிப்பை நிறுத்தினாங்க. நடுவுல 25 லட்சத்துக்கும் மேல வித்துச்சு. மூணு சிலிண்டர், 796 சிசி, கார்புரேட்டர் மாடல்ல 37 குதிரைத்திறன். இன்னிக்கு இருக்கிற சில பைக்கே அதைவிட அதிகம் குடுக்குது. ஆனா வண்டியோட எடை 650 கிலோவைச் சுத்தித்தான், நீளம் 3335 மில்லிமீட்டர், அகலம் 1440 மில்லிமீட்டர். அந்த எடைக்கு அந்த இன்ஜின் போதும். இந்த அளவு எல்லாம் ஏன் சொல்றேன்னா, பின்னாடி முக்காலி வைக்கும்போது தேவைப்படும்.

நடந்தது இதுதான். ஒரு சதுர்த்தி அன்னிக்கு அப்பச்சியும் ஆத்தாவும் பிள்ளையார்பட்டி போயிருக்காங்க. கோயிலைச் சுத்தி நல்ல கூட்டம். வண்டி அரை மணி நேரம் முதல் கியர்லயே ஊர்ந்திருக்கு. வேகமாப் போகும்போது காத்தே ரேடியேட்டரைக் குளிர வெச்சுடும். ஊர்ந்து போகும்போது ஃபேன் சுத்தினாத்தான் உண்டு. அந்த ஃபேனை ஓட வைக்கிற சுவிட்ச் செத்துப்போயிருந்தது. டாஷ்போர்டுல சூடு காட்டுற ஊசியோ பத்து வருஷமா அசையவே இல்லை. அதனால அப்பச்சிக்குத் தெரிய வழியே இல்லை. வீட்டுக்கு வர்ற வழியில இழுவை குறைஞ்சிருக்கு, அப்புறம் வெள்ளைப் புகை, அப்புறம் நின்னுடுச்சு.

இன்ஜினோட மேல் பாதி, அதாவது சிலிண்டர் ஹெட், அலுமினியம். ரொம்ப சூடானா அது வளைஞ்சுடும். ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவுல இருக்கிற கேஸ்கெட் பொசுங்கும். அப்புறம் தண்ணியும் எண்ணெயும் ஒண்ணாக் கலக்கும். ஆயில் ஊத்துற மூடியைத் திறந்து பார்த்தா கருப்பு எண்ணெய் இருக்க வேண்டிய இடத்துல பால் காபி மாதிரி ஒரு குழம்பு. அதைப் பார்த்ததும் மெக்கானிக் பாய் தலையை ஆட்டிட்டார். "போச்சு தம்பி."

ஹெட்டை லேத்துல கொடுத்து சீவி எடுக்கலாம். ஆனா எங்க இன்ஜின் ஏற்கெனவே ஒரு தடவை போர் போட்டது. பிஸ்டன் பெரிய சைஸ் 0.50 மில்லிமீட்டர் வரைக்கும் ஏறியாச்சு. இந்தத் தடவை சிலிண்டர் சுவர்லயும் கோடு விழுந்திருந்தது. மறுபடி போர் போட இடமில்லை. பாய் சொன்னது ரெண்டே வழி: வேற இன்ஜின் மாட்டு, இல்லைன்னா வண்டியைக் கொடுத்துடு.

கொடுத்துடுன்னுதான் எல்லாரும் சொன்னாங்க. சித்தப்பா சொன்னார், தங்கச்சி சொன்னா, பக்கத்து வீட்டு அண்ணனும் சொன்னார். பழைய வண்டி வாங்குறவர் ஒருத்தர் வந்து பார்த்துட்டு 25,000 சொன்னார். முழு வண்டியா வெச்சுக்க இல்லை. கதவு தனி, சீட்டு தனி, கியர்பாக்ஸ் தனின்னு பிரிச்சு விக்க. எங்க ஊர்க்காரனுக்கு இது புதுசு இல்லை. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போனீங்கன்னா, பிரிச்ச வீடுகளோட கதவு, நிலை, தூண், பீங்கான் ஜாடி எல்லாம் கடை கடையா நிக்கும். ஒரு வீட்டுக்கு இருபது பங்காளி, ஆளுக்கொரு ஊர், பராமரிக்க யாருமில்லைன்னா கடைசியில அங்கதான் வந்து சேரும். அதைக் குத்தம் சொல்லலை. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு நியாயம் இருக்கும். ஆனா கதவை வாங்குறவன் அந்தக் கதவுக்குப் பின்னாடி யார் படுத்துத் தூங்கினாங்கன்னு கேக்க மாட்டான்.

சரி, மேட்டருக்கு வருவோம். புது வண்டி வாங்கித் தர்றேன்னு நானே சொன்னேன். ஆட்டோமேட்டிக், ஏர்பேக் எல்லாம் இருக்கிறது. நண்பன் வண்டி ஒண்ணை வாங்கிட்டு வந்து செக்காலை ரோட்டுல ஒரு ரவுண்டு ஓட்டச் சொன்னேன். அப்பச்சி இல்லாத கிளட்சை இடது காலால தேடிக்கிட்டே வந்தார். வீட்டு வாசல்ல நிறுத்தி, சாவியை என் கையில கொடுத்துட்டு, "நல்ல வண்டி. நீ ஓட்டு"ன்னு மட்டும் சொல்லிட்டு உள்ளே போயிட்டார்.

வண்டி நின்னதுலேர்ந்து நாலு மாசம் அவர் வெளியே போகலை. யாரும் தடுக்கலை. ஆட்டோ இருக்கு, பஸ் இருக்கு, கூப்பிட்டா வர்றதுக்கு டிரைவரும் இருக்கு. ஆனா ஒருத்தரைக் கூப்பிட்டு, அவர் வர்ற நேரத்துக்குக் காத்திருந்து, "இங்க நிறுத்துங்க, அங்க போங்க"ன்னு சொல்லி ஒரு இடத்துக்குப் போறது அவருக்கு ஒத்துவரலை. சதுர்த்திக்கு பிள்ளையார்பட்டி போறது நின்னுச்சு. கழனிவாசல் சந்தைக்குப் போறது நின்னுச்சு. ஆத்தா போன்ல ஒரு நாள் சொன்னாங்க: "உங்கப்பச்சி முகப்புல உக்காந்து தெருவையே பாத்துக்கிட்டு இருக்காக. பேச்சே இல்லை."

அன்னிக்குத்தான் கணக்கு மாறிச்சு. வண்டியோட விலை ஒரு கணக்கு. அது ஓடுறதால ஒரு மனுஷனுக்குக் கிடைக்கிறது வேற கணக்கு. ரெண்டையும் ஒரே தராசுல வெச்சா தப்பான விடைதான் வரும்.

"ஏன் எலெக்ட்ரிக்கா மாத்தலை? உங்க ஊர்லதானே சிக்ரி இருக்கு?"ன்னு நம்மாளுங்க கேப்பீங்கன்னு தெரியும். உண்மைதான். மத்திய மின்வேதியியல் ஆய்வகத்துக்கு 1948-ல நேரு அடிக்கல் நாட்டினார், 1953-ல ராதாகிருஷ்ணன் திறந்து வெச்சார், அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். லித்தியம் பேட்டரி ஆராய்ச்சி நடக்கிறது எங்க வீட்டுலேர்ந்து கூப்பிடு தூரத்துல. ஆனா நம்ம வண்டியை எலெக்ட்ரிக் ஆக்கணும்னா அந்த மாடலுக்குன்னே சோதிச்சு அங்கீகாரம் வாங்கின கிட் வேணும். அந்தச் செலவுக்கு நல்ல நிலைமையில ரெண்டு மூணு பழைய 800 வாங்கிடலாம். தவிர, கிளட்ச் இல்லாத வண்டின்னா மறுபடி அதே இடது கால் பிரச்சனை!

ஆல்ட்டோ இன்ஜின் போடலாம், பவர் கூடும்னு ஒரு யோசனை வந்துச்சு. அதுவும் 796 சிசிதான். ஆனா அது எரிபொருளைக் கம்ப்யூட்டர் வெச்சு அளந்து பீய்ச்சுற இன்ஜின். ஒயரிங், சென்சார், பெட்ரோல் பம்ப் எல்லாம் மாத்தணும். ஆம்னி இன்ஜின் கிடைக்கும், உள்ளே இருக்கிற சாமான் நிறைய ஒண்ணுதான், ஆனா அதை நீளவாக்குல வெச்சு பின் சக்கரத்தை ஓட்டுறாங்க. 800-ல குறுக்குவாக்குல வெச்சு முன் சக்கரத்தை ஓட்டுறாங்க. அப்படியே தூக்கி வைக்க முடியாது. அதனால அதே வகை, அதே கார்புரேட்டர் இன்ஜின்தான்னு முடிவு.

இதுல சட்டமும் இருக்கு. 1988 மோட்டார் வாகனச் சட்டம், 52-வது பிரிவு. தயாரிச்ச கம்பெனி சொன்ன விவரத்துலேர்ந்து மாறுற மாதிரி வண்டியை மாத்தக் கூடாது. 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றமும் ஒரு கேரள வழக்குல இதையே உறுதியாச் சொல்லிடுச்சு. இன்ஜினை மாத்தினா 14 நாளைக்குள்ள பதிவு அலுவலகத்துக்குச் சொல்லி, ஆர்.சி.யில புது நம்பரை ஏத்தணும். சொல்லலைன்னா, நாளைக்கு ஒரு விபத்துன்னு வந்தா இன்ஷூரன்ஸ்காரங்க கேக்குற முதல் கேள்வியே, "இந்த இன்ஜின் யாருது?"ன்னுதான் இருக்கும். நான் முதல்லயே ஆர்டிஓ ஆபீஸ் போய், என்னென்ன பேப்பர் வேணும்னு கேட்டு எழுதிக்கிட்டு வந்துட்டேன். அதுக்கப்புறம்தான் இன்ஜின் தேடவே ஆரம்பிச்சேன்.

பழைய இன்ஜின்னா சென்னை புதுப்பேட்டைதான். விலை கேட்டா ஆளுக்கொரு விலை. நான் கேட்டது ஒண்ணே ஒண்ணு: இன்ஜின் நம்பர் போட்ட பில், அது இருந்த வண்டியோட ஆர்.சி. நகல், அந்த வண்டியோட பதிவை ரத்து பண்ணின பேப்பர். இது மூணும் இல்லாத இன்ஜின் எவ்வளவு மலிவா இருந்தாலும் வேண்டாம்னு இருந்துட்டேன். மூணு வாரம் ஆச்சு. கடைசியில எல்லாப் பேப்பரோடயும் ஒண்ணு 18,000-க்குக் கிடைச்சது. பெரிய விபத்துல பின்பக்கம் நசுங்கி, பதிவு ரத்தான வண்டியோடது. இன்ஜின்ல அடிச்சிருக்கிற நம்பர் 'எஃப்8பி'ன்னு ஆரம்பிக்குது. எங்களோடதும் அதே. பார்சல் லாரியில ஏத்தி அனுப்பினாங்க. பழைய டயருக்குள்ள உக்கார வெச்சுக் கட்டி, ஏதோ கல்யாணச் சீர் மாதிரி வந்து இறங்குச்சு.

அடுத்த கேள்வி, எங்க வெச்சு வேலை பாக்கிறது? மெக்கானிக் பாய் கடையை மூடி மூணு வருஷம் ஆச்சு. அறுபதைத் தாண்டியாச்சு, முழங்கால் வலி. அம்பாசடர்லயும் ஃபியட்லயும் தொழில் கத்துக்கிட்டவர். "தூக்குறது, குனியறது எல்லாம் நீ. சொல்றது நான். சம்மதமா?"ன்னு கேட்டார். நான் ரெண்டு வாரம் வீட்டுலேர்ந்தே ஆபீஸ் வேலைன்னு வாங்கிக்கிட்டு ஊருக்கு வந்தேன். காலையில ஆறுலேர்ந்து பத்து வரைக்கும் இன்ஜின். அப்புறம் குளிச்சுட்டு ஆணி புடுங்குறது.

எங்க வீடு ஒரு தெருவுல ஆரம்பிச்சு அடுத்த தெருவுல முடியுற பழைய வீடு. முகப்பு, வளவு, ரெண்டாம் கட்டு, பின்கட்டு. பின்கட்டுல கல் பாவின தரை, அடுத்த தெருவுக்குத் திறக்கிற பெரிய கதவு. வண்டியை அந்த வழியாத் தள்ளி உள்ளே கொண்டு வந்தோம். ஆத்தா ஒரே ஒரு கண்டிஷன் போட்டாங்க. "உள்ள இருக்கிற ஆத்தங்குடித் தரையில ஒரு சொட்டு ஆயில் விழக் கூடாது." சிமெண்டும் மணலும் நிறப்பொடியும் வெச்சு கண்ணாடி மேல வார்த்து எடுக்கிற கல்லு அது. எண்ணெயைக் குடிச்சுதுன்னா கறை ஜென்மத்துக்கும் போகாது. பின்கட்டு வாசப்படிக்கு இந்தப் பக்கம் வரும்போது செருப்பு, கை, கால் எல்லாம் சோதனை. ஏர்போர்ட்டுல அவ்வளவு இருக்காது.

சித்தப்பா மேலே காட்டினார். "அந்த உத்திரத்துல செயினைப் போட்டுத் தூக்கிடலாமே, பர்மாத் தேக்குடா!" பர்மாத் தேக்குதான். ரங்கூன்லேர்ந்து கப்பல்ல வந்த மரம். ஆனா அது ஓட்டுக் கூரையோட பாரத்தைப் பரவலாத் தாங்குறதுக்கு வெச்சது. நடுவுல ஒரே இடத்துல நூறு கிலோவைத் தொங்கவிட்டு ஆட்டுறதுக்கு இல்லை. உள்ளே கரையான் இருக்கா, சுவர்ல உக்காந்திருக்கிற முனை எப்படி இருக்குன்னு யாருக்கும் தெரியாது. பாய் ஒரே வரியில முடிச்சார்: "இன்ஜின் போனா புதுப்பேட்டையில கிடைக்கும். அந்த மரம் எங்கே கிடைக்கும்?"

அதனால முக்காலி. எங்க ஜில்லாவுல தண்ணி ஆழத்துல கிடக்கு. போர் மோட்டாரை மேல தூக்குறதுக்கு மூணு இரும்புக் குழாய் வெச்ச முக்காலியும் செயின் பிளாக்கும் வெச்சிருக்கிற ஆளுங்க தெருவுக்கு ஒருத்தர் உண்டு. ரெண்டு நாள் வாடகைக்கு எடுத்தேன். ஒரு டன் தாங்கும்னு போட்டிருந்த செயின் பிளாக். முக்காலியோட மூணு காலையும் வண்டி மூக்கைச் சுத்தி அகட்டி வெச்சு, வழுக்காம இருக்க மூணையும் கயித்தால ஒண்ணோட ஒண்ணு கட்டினோம். வண்டி அகலம் 1440 மில்லிமீட்டர்தான்ங்கிறதால இது நடந்துச்சு. பெரிய வண்டியா இருந்திருந்தா கால் உள்ளே நுழைஞ்சிருக்காது.

கழட்டுறது நாலு காலை. முதல்ல பேட்டரி. அப்புறம் பானெட், அதைக் கழட்டுறதுக்கு முன்னாடி கீல் இருந்த இடத்துல மார்க்கர்ல கோடு. ரேடியேட்டர் தண்ணி, இன்ஜின் ஆயில், கியர் ஆயில் மூணையும் தனித்தனி வாளியில பிடிச்சாச்சு. ரேடியேட்டர் வெளியே. ஏர் கிளீனர் வெளியே. ஆக்சிலரேட்டர், சோக், கிளட்ச், ஸ்பீடாமீட்டர்னு நாலு கேபிள். ஒவ்வொரு ஒயரையும் கழட்டுறதுக்கு முன்னாடி பேப்பர் டேப்புல நம்பர் எழுதி ஒட்டி, போன்ல ஒரு படம். பாய் முதல்ல சிரிச்சார். மூணாவது நாள் அவரே, "அந்தப் பதினேழாம் நம்பர் எங்க போகுது?"ன்னு கேக்க ஆரம்பிச்சுட்டார். கோடுல கமெண்ட் எழுதாதவங்க எல்லாம் ஒரு தடவை இன்ஜின் கழட்டணும் சாமி.

பத்து, பன்னெண்டு, பதினாலு, பதினேழு. இந்த நாலு ஸ்பேனர் இருந்தா பாதி 800-ஐக் கழட்டிடலாம். மீதி பாதிக்குப் பொறுமை வேணும். சைலென்சர் குழாயை இன்ஜினோட சேர்க்கிற நட்டு துருப்பிடிச்சு ஒண்ணாவே ஆயிடுச்சு. பலம் போட்டா போல்ட்டே ஒடைஞ்சுடும். பாய் டீசலை ஊத்தி ஊறவெச்சுட்டு எந்திரிச்சுட்டார். "இன்னிக்கு இவ்வளவுதான். அதுவா மனசு மாறட்டும்." மறுநாள் காலையில லேசாத் தட்டி, கொஞ்சம் சூடு காட்டினதும் திரும்புச்சு. நாங்க டெட்லைன் டெட்லைன்னு ஓடுற இடத்துல இப்படி ஒருத்தர் ஒரு நாள் சொல்லியிருந்தா எத்தனை ராத்திரி தூங்கியிருப்போம்!

ரெண்டு பக்கமும் சக்கரத்துக்குப் போற டிரைவ் ஷாஃப்ட்டை உருவி, கியர் ராடைக் கழட்டி, மவுண்டிங் போல்ட்டுகளைக் கடைசியா எடுத்தோம். செயினை இழுத்தா, கியர்பாக்ஸோட சேர்ந்து இன்ஜின் அங்குலம் அங்குலமா மேலே வந்துச்சு. மேலே வந்ததும் இன்ஜினை நகர்த்தக் கூடாது. அது அப்படியே தொங்கட்டும், வண்டியைப் பின்னாடி தள்ளணும். நானும் சித்தப்பாவும் பக்கத்து வீட்டு அண்ணனும் தள்ளினோம். பின்கட்டுல தொங்குற இன்ஜினையும், காலியாக் கிடக்கிற வண்டி மூக்கையும் பார்த்துட்டு ஆத்தா, "இது மறுபடி உள்ள போகுமா?"ன்னு கேட்டாங்க. யாரும் பதில் சொல்லலை.

இத்தனையும் நடக்கும்போது அப்பச்சி ரெண்டாம் கட்டு நிலையில சாஞ்சு நின்னு பார்த்துக்கிட்டே இருப்பார். கிட்ட வர மாட்டார். அஞ்சாவது நாள் ஒரு முக்காலியை (இது உக்கார்ற முக்காலி) கொண்டு வந்து பக்கத்துல போட்டுக்கிட்டார். ஆறாவது நாள் மண்ணெண்ணெயில போட்ட போல்ட்டை எல்லாம் பிரஷ் வெச்சுத் தேய்ச்சு, சைஸ் வாரியா எவர்சில்வர் கிண்ணத்துல அடுக்கினார். ஆத்தாவோட கிண்ணம். அது தனிக் கதை.

இன்ஜின் வெளியே இருக்கும்போதே செய்ய வேண்டியதை எல்லாம் செஞ்சுடணும்னு பாய் ஒரு லிஸ்ட் போட்டார். புது இன்ஜின்ல டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப், ஆயில் சீல், கிளட்ச் பிளேட். கிளட்ச் பிளேட்டை நடுவுல நிறுத்த அவர்கிட்ட ஒரு பழைய கியர்பாக்ஸ் ஷாஃப்ட் துண்டு இருந்தது. அதை உள்ளே விட்டு மையம் பார்த்துட்டு முடுக்கினாத்தான் அப்புறம் கியர்பாக்ஸ் வந்து சரியா உக்காரும். மவுண்டிங் ரப்பர் எல்லாம் புதுசு. நான் என் பங்குக்கு ஒண்ணு சேர்த்தேன்: பெட்ரோல் போற ரப்பர் குழாய் அத்தனையும் எத்தனால் தாங்குற வகையா மாத்தினேன். 2025-லேர்ந்து நாடு முழுக்க வர்ற பெட்ரோல்ல 20 சதவீதம் வரைக்கும் எத்தனால் இருக்கு. 1998-ல போட்ட ரப்பருக்கு அது ஒத்துக்காது, இளகி வெடிக்கும். இன்ஜின் சூட்டுக்குப் பக்கத்துல பெட்ரோல் கசிஞ்சா என்ன ஆகும்னு சொல்ல வேண்டியதில்லை. ஃபேன் சுவிட்ச் புதுசு. சூடு காட்டுற ஊசிக்கு சென்சாரும் புதுசு. அந்த ஊசி வேலை செய்யாம இந்த வண்டி கதவைத் தாண்டாதுன்னு நான் சொல்லிட்டேன்.

இறக்குறது ஏத்தினதைவிடக் கஷ்டம். ஒரு பக்கம் மவுண்டிங் உக்காந்தா மறு பக்கம் ரெண்டு மில்லிமீட்டர் தள்ளி நிக்கும். பாய் கையைத் தலைக்கு வெச்சு ஒரு பாறை மேல உக்காந்துக்கிட்டு, "தூக்கு, விடு, கொஞ்சம் எம்பக்கம், போதும்"னு சொல்லிக்கிட்டே இருந்தார். ரெண்டு மணி நேரத்துல உக்காந்துச்சு. அப்புறம் மூணு காலை, டேப்புல இருந்த நம்பரைப் பார்த்து ஒவ்வொண்ணா மாட்டினோம். ஸ்பார்க் பிளக் ஒயர் மட்டும் பாய் கையாலதான். "ஒண்ணு, மூணு, ரெண்டு. இந்த வரிசை மாறினா ஸ்டார்ட் ஆகாது, தும்மும்."

பன்னெண்டாம் நாள் காலை. எல்லாம் மாட்டியாச்சு, ஆயில் ஊத்தியாச்சு, தண்ணி ஊத்தியாச்சு. நான் சாவியைத் திருப்பினேன். சுத்துது, பிடிக்கலை. மறுபடி. பிடிக்கலை. பாய் டிஸ்ட்ரிபியூட்டரைப் பார்த்தார், பிளக்கைக் கழட்டி நெருப்பு வருதான்னு பார்த்தார். வருது. மறுபடி. இல்லை. சித்தப்பா முகத்துல "அன்னைக்கே சொன்னேனே" வந்து உக்காந்துடுச்சு.

அப்பச்சி எந்திரிச்சு வந்தார். "எந்திரி"ன்னார். உள்ளே உக்காந்தார். சோக்கை முழுசா இழுத்தார். சாவியைப் போட்டு பத்து எண்ணுற வரைக்கும் சுத்த விட்டார், நிறுத்தினார். கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். மறுபடி பத்து. நிறுத்தினார். ஆக்சிலரேட்டரை ரெண்டே ரெண்டு தடவை மிதிச்சுட்டு, சோக்கைக் கால்வாசி உள்ளே தள்ளி, சாவியைத் திருப்பினார்.

பிடிச்சுடுச்சு.

காரணம் ஒண்ணும் மந்திரம் இல்லை. புதுசா மாட்டின கார்புரேட்டர் காலியா இருந்தது. இந்த வண்டியில பெட்ரோல் பம்ப் இன்ஜின் சுத்தினாத்தான் சுத்தும். பின்னாடி இருக்கிற டேங்க்லேர்ந்து காலியான குழாய் வழியா பெட்ரோல் வந்து கார்புரேட்டர் கிண்ணம் நிறைய நேரம் வேணும். பேட்டரியையும் ஸ்டார்ட்டரையும் கொல்லாம விட்டு விட்டுச் சுத்தணும். இது பாய்க்கும் தெரியும், அன்னிக்கு அவருக்கு வேற சந்தேகம். ஆனா கால் நூற்றாண்டா தினமும் காலையில அந்த வண்டியை எழுப்பினவருக்கு அது எப்ப எந்திரிக்கும்னு கையிலயே இருந்தது. பாய் என்னைப் பார்த்து, "வண்டி செட்டியாரைத் தேடியிருக்கு தம்பி"ன்னார். அப்பச்சி எதுவும் சொல்லலை. ஆனா இன்ஜினை அணைக்கவும் இல்லை. ஃபேன் தானா ஓட ஆரம்பிக்கிற வரைக்கும் ஊசியைப் பார்த்துக்கிட்டே உள்ளேயே உக்காந்திருந்தார்.

ஆர்டிஓ ஆபீஸ்ல மோட்டார் வாகன ஆய்வாளர் வண்டியைப் பார்த்து, இன்ஜின் நம்பர் மேல பேப்பரை வெச்சுப் பென்சிலால தேய்ச்சு எடுத்த அச்சை பில்லோட ஒப்பிட்டார். ஆர்.சி.யில புது நம்பர் ஏறிடுச்சு. இன்ஷூரன்ஸ்லயும் மாத்தியாச்சு.

இப்ப எல்லாரும் கேக்காம விடுற கேள்விக்கு நானே வர்றேன். அறுபத்தேழு வயசுக்காரரை, ஏர்பேக் இல்லாத, ஏபிஎஸ் இல்லாத ஒரு வண்டியில மறுபடி உக்கார வெச்சது சரியா? ராத்திரி எல்லாம் இதைத்தான் யோசிச்சேன். பாசத்துக்காகச் செஞ்சேன்னு சொல்லிட்டுத் தப்பிக்க முடியாது. அதனால அப்பச்சியும் நானும் உக்காந்து பேசினோம். கண் டெஸ்ட் வருஷத்துக்கு ஒரு தடவை. பகல்ல மட்டும். திருச்சி–ராமேஸ்வரம் பைபாஸ்ல ஏறக் கூடாது. அதிகபட்சம் பிள்ளையார்பட்டி, குன்றக்குடி, கோவிலூர், இந்தப் பக்கம் தேவகோட்டை. ஐம்பத்தஞ்சு வயசு தாண்டினவங்களுக்கு லைசென்ஸ் அஞ்சு வருஷத்துக்குத்தான் புதுப்பிச்சுத் தர்றாங்க. அவரோடது இன்னும் மூணு வருஷம் இருக்கு. வண்டியோட பதிவு 2028 வரைக்கும் இருக்கு. 20 வருஷம் தாண்டின காருக்குப் புதுப்பிக்கிற கட்டணத்தை 2025-ல 10,000 ரூபாய் ஆக்கியிருக்காங்க. அப்ப அதைக் கட்டுறதா வேண்டாமான்னு முடிவு பண்ண வேண்டியது நான் இல்லை, அவர். "அன்னிக்குக் கை நடுங்குச்சுன்னா நானே சாவியைக் கொடுத்துடுவேன்"ன்னு சொல்லியிருக்கார். அந்த வார்த்தையை நம்புறேன். கிளட்ச் இல்லாத வண்டியோட சாவியை அன்னிக்குக் கேக்காமலே என் கையில கொடுத்தவர்தானே.

அப்போ நான் 45,000-க்கு வாங்கினது இன்ஜின் இல்லை. ஒரு மூணு வருஷம். ஒருவேளை அதைவிடக் கொஞ்சம் கூட. ஒரு மனுஷன் தன் நேரத்துக்குத் தானே வெளியே போயிட்டு வர்ற மூணு வருஷம். இந்த விலைக்கு அது மலிவு.

நான் வேலைக்குத் திரும்பி வந்து ரெண்டு மாசம் ஆச்சு. முன்னெல்லாம் அப்பச்சி போன்ல "சாப்பிட்டியா"வோட நிறுத்திக்குவார். இப்ப தினமும் சாயங்காலம் ஒரு ரிப்போர்ட் வருது. எங்க போனார், எத்தனை கிலோமீட்டர், வழியில யாரைப் பார்த்தார். கடைசியில ஒரு வரி தவறாம வரும்: "ஊசி பாதிக்குக் கீழதான்டா நிக்குது."

டிஸ்கி: இதைப் படிச்சுட்டு யாராவது வீட்டு உத்திரத்துல செயினை மாட்டி இன்ஜினைத் தூக்கக் கிளம்பினா கம்பெனி பொறுப்பில்லை. தொங்குற இன்ஜினுக்குக் கீழே கையோ காலோ போகக் கூடாது, ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில படுக்கக் கூடாது, தெரிஞ்ச ஒருத்தர் பக்கத்துல இல்லாம ஒரு போல்ட்டையும் தொடக் கூடாது. எவர்சில்வர் கிண்ணத்தை எடுக்கிறதுக்கு முன்னாடி ஆத்தாகிட்ட கேட்டுடுங்க.